நாலு சிலிண்டர் காருக்கு இரட்டை எக்ஸோஸ்: அளவெடுப்பதிலிருந்து கடைசி நட்டு வரை

"அண்ணே, ரெண்டு பக்கமும் பைப் விட்டா பவர் ஏறுமா?"

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு வாசலில் லான்சரை ஏற்றி வைத்து நான் அடியில் படுத்திருந்த மூன்று வாரக் கடைசியும் இதைக் கேட்காமல் யாரும் தாண்டிப் போகவில்லை. ஏறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குதிரைத்திறனை எதிர்பார்த்து இறங்குகிறவர் பெரிய பைப்பாகக் கேட்பார், புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிஸ்ட்டை வெட்டச் சொல்வார், கடைசியில் கையில் மிஞ்சுவது இரைச்சலும் சம்மனும்தான். நாலு சிலிண்டரில் இரட்டை எக்ஸோஸ், அதாவது இரட்டைப் புகைக்குழாய், போடுவது பின்பக்கம் பார்க்க அழகாக இருப்பதற்கும், சரியான மப்ளர் (சத்தத்தை அடக்கும் பெட்டி) வைத்தால் குரல் கொஞ்சம் தடித்து, அதே சமயம் தணிந்து வருவதற்கும். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதும் என்றால் மேலே படியுங்கள்.

நான் போட்டது மிட்சுபிஷி லான்சர் 2.0 ஜிடி, ஜப்பானிலிருந்து முழுதாக இறக்குமதியான கார், உள்ளே 4பி11 எஞ்சின். 2010-இல் வந்த புரோட்டான் இன்ஸ்பிராவும் இதே உடம்புதான், அதன் 2.0-வில் இதே எஞ்சின்தான், ஆகவே இன்ஸ்பிராக்காரர்களுக்கு இங்கே சொல்வது பெரும்பாலும் அப்படியே பொருந்தும். சிவிக், அல்டிஸ், ரீகோனில், அதாவது ஓட்டிய காராக ஜப்பானிலிருந்து, வந்த விஷ் என்று எதுவானாலும் முறை ஒன்றுதான், அளவுகள் மட்டும் மாறும்.

குழாயை எங்கே பிரிப்பது

வி6, வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு அணியாக நிற்கும். அணிக்கு ஒரு மேனிஃபோல்டு (புகையைத் திரட்டும் குழாய்த் தொகுதி), அதற்கு ஒரு குழாய் என்று முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு தனிக் குழாய் ஓடுவது அங்கே இயல்பு. நம் நாலு சிலிண்டர் ஒரே வரிசை. புகை வெளியேறும் நாலு வாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வெடிப்பு வரிசை 1-3-4-2. அதனால்தான் 4-2-1 எக்ஸ்ட்ரெக்டர் என்கிற மேனிஃபோல்டில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு குழாயிலும், 2-ஐயும் 3-ஐயும் இன்னொன்றிலும் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்த புகை போகிற போக்கில் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், சேருமிடம் இருப்பதே அதற்காகத்தான். அந்த இரண்டு குழாயையும் சேர்க்காமல் பின்பக்கம் வரை தனித்தனியாகக் கொண்டுபோனால் அந்த இழுப்பு போய்விடும், எடை கூடும், கெட்டலிஸ்ட்டும் சென்சரும் இரண்டிரண்டாக வேண்டும்.

ஆகவே எக்ஸ்ட்ரெக்டர், கெட்டலிஸ்ட், வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப், நடுவில் இருக்கிற புல்லட் என்கிற உருளை மப்ளர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பின் சஸ்பென்ஷனைத் தாண்டிய பிறகு ஒய் (Y) வடிவக் குழாய் ஒன்று வைத்து அங்கே இரண்டாகப் பிரியுங்கள். மிட்சுபிஷியே லான்சரின் வேக வகையான எவோ எக்ஸில் இரண்டு பக்கமும் வாய் வைத்திருக்கிறது. அதுவும் நாலு சிலிண்டர்தான், முன்னாலிருந்து வருவது ஒரே குழாய்தான், பிரிவது பின்னால்தான்.

"பேக் பிரஷர் வேணும், இல்லாட்டி பிக்கப் போயிரும்" என்று கடையில் சொல்வார்கள். பாதி சரி. எஞ்சினுக்கு அடைப்பு தேவையில்லை, குழாயில் புகையின் வேகம் குறையாமல் இருப்பதுதான் தேவை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் கூட்டம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், படியில் இருக்கிறவரை வரிசை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சீராக நகரும், கீழே அகலமான இடத்துக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் கலைந்து நின்றுவிடும். எஞ்சினுக்கு வேண்டிய அளவை விடப் பெரிய குழாய் போட்டால் புகைக்கும் அதுதான் நடக்கும், 2,000 சுழற்சியில் காலை அழுத்தும்போது கார் யோசித்து யோசித்துப் போகும்.

டர்போ இல்லாத 1.5-இலிருந்து 2.0 லிட்டர் வரைக்கும் ஒய்க்கு முன்னால் 2 அங்குலம், மிஞ்சினால் 2.25 போதும். பிரிந்த பிறகு 1.75. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.25 அங்குலக் குழாயின் வெட்டுப் பரப்பு ஏறக்குறைய 4 சதுர அங்குலம், 1.75 இரண்டு சேர்ந்தால் 4.8, 2 அங்குலம் இரண்டு சேர்ந்தால் 6.3. பிரிந்ததும் ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாவதில் எந்த லாபமும் இல்லை, அடியில் இடம்தான் அடைக்கும். வெளியே தெரியும் முனை 3.5 அங்குலமாக இருக்கட்டும், 4 ஆக இருக்கட்டும், அது உங்கள் ரசனை.

இந்தப் பாடத்தை நான் முந்தைய காரில் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு கடையில் நம்பிக் கொடுத்தேன், 2.5 அங்குலக் குழாயை நேராக இழுத்து, கெட்டலிஸ்ட்டை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வெற்று டப்பா மாதிரி மப்ளரை ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேன் பண்ணினால் பி0420, கெட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்கிற குறியீடு. பிளாட்டின் கார் நிறுத்துமிடச் சரிவில் ஏறும்போது முக்கியது. எல்லாவற்றையும் விட, அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துக்கொண்டு போகும்போது தஞ்சோங் மாலிம் தாண்டவில்லை, "நிறுத்துப்பா, காது அடைக்குது" என்றார். அன்றைக்கு முழுக்க 90-க்கு மேல் போகவில்லை. திரும்பி வந்த வாரமே பழையதைத் தேடி எடுத்து மாட்டினேன், ஆனால் கெட்டலிஸ்ட்டைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார், புதிது வாங்க வேண்டியதாயிற்று. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிற சாமான், சும்மா விடுவார்களா? ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் கழற்றியதெல்லாம் உங்கள் கார் பூட்டுக்குள் (பின்பக்கச் சாமான் அறை) வர வேண்டும்.

மப்ளர் ஒன்றா, இரண்டா

ஒய்க்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு சின்ன மப்ளர் வைக்கலாம். அல்லது பம்பருக்கு முன்னால் குறுக்காக ஒரே பெரிய மப்ளர் வைத்து, நடுவில் உள்ளே போய் இரண்டு பக்கமும் வெளியே வரும்படி செய்யலாம். குறுக்கு மப்ளரில் ஒய் தேவையே இல்லை, இரண்டு பக்கமும் நீளம் ஒன்றாக இருக்கும், வெல்டிங் குறைவு. ஆனால் ஸ்பேர் டயர் குழி இருக்கிற காரில் அதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். என் காரில் குழிக்கும் பம்பருக்கும் நடுவே கை நுழைகிற இடம்தான் இருந்தது, அதனால் இரண்டு சின்ன மப்ளர் என்று முடிவு செய்தேன்.

ஒரு பக்கம் மட்டும் உண்மையான மப்ளர், மறுபக்கம் வெறும் அலங்கார முனை என்று செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். புகை எளிதான பக்கமாகத்தான் போகும், ஒரு முனை கறுத்தும் மறு முனை புதிதாகவும் ஒரு மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒய்யின் இரண்டு கிளையும் ஒரே கோணத்தில், பக்கத்துக்குச் சுமார் 30 டிகிரியில், பிரிய வேண்டும், இரண்டு பக்கமும் நீளமும் வளைவும் கூடுமானவரை ஒன்றாக இருக்க வேண்டும். வளைவு என்றதும், அழுத்தி வளைத்த குழாய் வளைவில் நசுங்கி ஓவலாகிவிடும். மேன்ட்ரெல் வளைவு கேளுங்கள், விட்டம் மாறாமல் வரும். தயாராக விற்கும் வளைவுகளை வாங்கி வெட்டி ஒட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அளவெடுப்பு: இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

நான் இதற்கு ஒரு ஞாயிறு முழுக்கச் செலவு செய்தேன், அந்த நாள்தான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியது.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தாமான் (குடியிருப்பு) வீடுகளின் வாசல் பெரும்பாலும் சாக்கடைப் பக்கம் சரிவாக இருக்கும், அங்கே அளந்தால் முனைகள் கோணலாகத்தான் வரும். ஜேக் மட்டும் போட்டு அடியில் போகவே கூடாது, நாலு ஸ்டாண்டு வைத்து, காரை ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இன்னொரு சிக்கல், உடம்பைத் தூக்கினால் பின் சக்கரம் தொங்கி சஸ்பென்ஷன் கைகள் கீழே இறங்கிவிடும். அப்போது நிறைய இடம் இருப்பது போலத் தெரியும், கார் தரையில் நின்றதும் அந்த இடம் மறைந்துவிடும். ஆகவே சக்கரத்துக்கு அடியில் சரிவுப் பலகை கொடுத்து, எடை சக்கரத்தின் மேல் இருக்கிற நிலையில் ஒரு தடவையும், தொங்கவிட்டு ஒரு தடவையும் பாருங்கள். குழாய் இரண்டு நிலையிலும் எதையும் தொடக் கூடாது.

அப்புறம் மைலோ பெட்டி அட்டையை வெட்டி மப்ளர் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, அதைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நான் 1.75 அங்குலத் தண்ணீர்க் குழாய்த் துண்டில் கெட்டிக் கம்பி சுற்றி வளைத்து, ஒய்யிலிருந்து பம்பர் வரை எப்படிப் போகும் என்று முழுதும் ஒத்திகை பார்த்தேன். என் மகன் டார்ச் பிடித்தான், நான் சாக்பீஸால் உடம்பில் கோடு போட்டேன். நான் வைத்துக்கொண்ட இடைவெளி இது: உடம்பின் இரும்புக்கும் குழாய்க்கும் குறைந்தது 20 மில்லிமீட்டர், பிளாஸ்டிக் பம்பருக்கு 25, பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் லைன், பிரேக் ஹோஸ், வயர் கட்டு இவற்றுக்கு 50-க்குக் குறையாமல், அதற்கும் நடுவில் ஹீட் ஷீல்டு. புதுப் பக்கத்தில் கம்பெனியே வைத்த ஹீட் ஷீல்டு இருக்காது, அங்கே முன்பு சூடே கிடையாது அல்லவா? மெல்லிய அலுமினியத் தகடு வாங்கிப் பூட் அடித்தளத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். இதை மறந்தவர் பூட்டில் வைத்த மளிகைச் சாமான் சூடாகிறதே என்று பிறகு தேடுவார்.

பம்பருக்குப் பின்னால் மூலையில் கை விட்டுத் தடவிப் பாருங்கள். பல கார்களில் உள்காற்று வெளியேறுவதற்கு ரப்பர் இதழ் வைத்த சின்னச் சன்னல் ஒன்று அங்கே இருக்கும். பழைய எக்ஸோஸ் அதிலிருந்து தள்ளியிருந்திருக்கும், நீங்கள் போடும் புதுக் குழாய் நேரே அதன் அடியில் வரலாம். அங்கே ஒரு கசிவு இருந்தால் புகை காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, பின்சீட்டில் தூங்குகிற பிள்ளைக்குத் தலைவலி வந்தால்தான் நமக்குத் தெரியும். அதனால் அந்தச் சன்னலுக்கு அருகில் எந்த ஜாயிண்டும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முனை பம்பர் விளிம்பைத் தாண்டி 10, 15 மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும், உள்ளே தள்ளி நின்றால் புகை பம்பருக்குப் பின்னால் சுழலும்.

என்ன வாங்குவது

இரும்புக் குழாய் மலிவு, நம் ஊர் மழையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெய்ன்லெஸ்ஸில் 409, 304 என்று இரண்டு வகை. 409-இல் காந்தம் ஒட்டும், 304-இல் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம். 304 என்று சொல்லி விற்பதைச் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு போய்ச் சோதியுங்கள். கனம் 1.5 மில்லிமீட்டர். கல்வனைஸ் குழாய் வேண்டவே வேண்டாம், வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை வரும், சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல்தான்.

குழாயோடு ஒய் ஒன்று, மப்ளர் இரண்டு, முனை இரண்டு, ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்டு போட்டுச் சேர்க்கும் தட்டு) ஜோடி மூன்று, அவற்றின் நடுவே வைக்கப் புது கெஸ்கெட், ரப்பர் மவுண்டிங் ஆறு, 10 மில்லிமீட்டர் கம்பி. மூன்று ஃபிளாஞ்ச் எதற்கென்றால், ஒய்க்கு முன்னால் ஒன்று, ஒவ்வொரு மப்ளருக்கும் முன்னால் ஒன்று. இப்படிச் செய்தால் ஒரு மப்ளர் கெட்டுப் போனாலும் அதை மட்டும் கழற்றலாம், ஒரே துண்டாக ஒட்டிவிட்டால் பின் சஸ்பென்ஷனைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. கருவிகள் பூடு ஜாலான் பாசாரில் ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைக்கும். கடையில் விலை கேட்கும்போது மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். குழாய் அடிக்கு எவ்வளவு, வளைவு ஒன்றுக்கு எவ்வளவு, வெல்டிங் எந்த முறை என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லத் தயங்குகிற கடையை விட்டு வாருங்கள்.

கழற்றுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அதுவும் முழுதாக. ராத்திரியே போல்டுகளுக்கெல்லாம் டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. ஜப்பான் கார்களில் பின்பக்க ஜாயிண்டில் பெரும்பாலும் 12 அல்லது 14 மில்லிமீட்டர் தலை, ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். ரப்பர் மவுண்டிங்கை இழுத்துக் கிழிக்க வேண்டாம், சோப்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். பழைய மப்ளர் நினைப்பதை விடக் கனம், கடைசி ரப்பரைக் கழற்றும்போது அடியில் இன்னொரு ஜேக்கோ இன்னொரு ஆளோ இருக்கட்டும்.

கெட்டலிஸ்ட்டுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற, புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ-டூ சென்சர்களைத் தொடவே வேண்டாம்.

டேக் வெல்டிங்கும் தொங்கவிடுவதும்

எனக்கு வெல்டிங் செய்து கொடுத்தவர் செகாம்புட்டில் ஒரு சீன அங்கிள். நான் அவசரப்பட்டபோதெல்லாம் "தெங்கோக் டுலு, பாரு வெல்டிங்" என்பார். முதலில் பார், அப்புறம் ஒட்டு. அவர் கையில் சாக்பீஸ் இருந்த நேரம்தான் அதிகம், வெல்டிங் டார்ச் இருந்த நேரம் குறைவு.

காரில் எதையும் ஒட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், மின்சாரம் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. பூட்டில் இருக்கிற கம்பளம், பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், பெட்ரோல் தொட்டிப் பக்கம் ஈரத் துணி மறைப்பு, கைக்கு எட்டும் தூரத்தில் தீயணைப்பான். காரில் இருக்கும்போது குழாய்க்கு மூன்று நாலு புள்ளி மட்டும் டேக். முழு வெல்டிங் கீழே இறக்கி மேசையில் வைத்துத்தான்.

வரிசை இப்படி: முதலில் இரண்டு முனையையும் பம்பரில் சரியான இடத்தில் கட்டையும் டேப்பும் வைத்து நிறுத்துங்கள். அங்கிருந்து மப்ளர், மப்ளரிலிருந்து ஒய் என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முன்னாலிருந்து பின்னால் போனால் இரண்டு மில்லிமீட்டர் பிசகு கடைசியில் இருபது மில்லிமீட்டராக முனையில் தெரியும், அதுவும் ஒரு பக்கம் மேலே ஒரு பக்கம் கீழே. தரையிலிருந்து இரண்டு முனையின் அடி விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள், பிறகு பம்பரின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும். பிறகு பத்து அடி பின்னால் போய்க் குனிந்து கண்ணால் பாருங்கள். டேப் சரி என்று சொல்லியும் கண்ணுக்குச் சரியில்லை என்றால் பம்பரே கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், அப்போது பம்பரோடு ஒத்துப்போங்கள், பார்க்கிறவர் தரையைப் பார்க்கப் போவதில்லை.

தொங்கவிடுவதில்தான் பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன. பழைய பக்கத்தில் கொக்கிகள் இருக்கும். புதுப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. சும்மா ஸ்பேர் டயர் குழியின் தகட்டில் ஒரு துண்டை ஒட்டித் தொங்கவிடுவார்கள், அந்தத் தகடு மெல்லியது, ஆறு மாதத்தில் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே வரும். கனமான சேஸிஸ் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும். பல கார்களில் அந்தப் பக்கச் சட்டத்திலும் மரை போட்ட ஓட்டை ஏற்கெனவே இருக்கும், அழுக்கைச் சுரண்டினால் தெரியும். என் காரில் ஒன்று கிடைத்தது, இன்னொன்றுக்குப் பிராக்கெட் செய்து பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தின் போல்டோடு சேர்த்துப் பிடித்தேன். ஒவ்வொரு மப்ளருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒய்க்கு முன்னால் ஒன்றிரண்டு. ரப்பர் எந்தப் பக்கமும் இழுபடாமல் நேராகத் தொங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு ரப்பர்? முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, காலை அழுத்தினால் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை ஃப்ளெக்ஸ் பைப் வாங்கிக்கொள்ளும், மீதியை ரப்பர் வாங்க வேண்டும். இன்னொன்று சூடு. 3 மீட்டர் 304 குழாய் 250 டிகிரி சூடேறினால் 12, 13 மில்லிமீட்டர் நீளும். அந்த நீளம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும், பின்னால்தான் போகும். குளிரில் அழகாக நடுவில் நிற்கிற முனை சூட்டில் பம்பரைத் தொட்டால் ஒரே வாரத்தில் பிளாஸ்டிக் சுருங்கி மஞ்சளாகும். அதனால்தான் பம்பர் வெட்டை முனையை விடச் சுற்றிலும் 25 மில்லிமீட்டர் பெரிதாக வைக்கச் சொல்கிறேன். எவோ எக்ஸ் மாதிரி இரண்டு வெட்டு வைத்த பம்பர் கிட் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். சொந்த பம்பரை வெட்டுவதென்றால் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்து, மாஸ்கிங் டேப் சுற்றி, மெல்லிய பல் ரம்பத்தால் முதலில் சின்னதாக வெட்டுங்கள். பெரிதாக்குவது எப்போதும் முடியும்.

முழு வெல்டிங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 304-க்கு டிக் வெல்டிங், 308எல் கம்பி. 304-ஐ இரும்போடு அல்லது 409-ஓடு சேர்க்கிற இடத்தில் 309எல். குழாயின் உள்ளேயும் ஆர்கான் விடச் சொல்லுங்கள், விடாவிட்டால் உள்பக்கம் கரிந்து கரடுமுரடாகும், வெளியே தெரியாது, ஆனால் துருவும் விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

கசிவு பார்ப்பது

எல்லாம் மாட்டி, பேட்டரியைத் திரும்ப இணைத்து, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் சூடாவதற்குள், கெட்டியான கையுறை போட்டு, இன்னொருவரோடு சேர்ந்து இரண்டு முனையையும் துணியால் நாலைந்து வினாடி அடைத்துப் பிடியுங்கள். எங்கேயாவது ஓட்டை இருந்தால் "புஸ்ஸ்" என்று கேட்கும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் இடத்தைக் காட்டிவிடும். எனக்கு இடது மப்ளருக்கு முன்னால் இருந்த ஃபிளாஞ்சில் மிளகு அளவு குமிழ்கள் வரிசையாக வந்தன, கெஸ்கெட் அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருந்தது. கழற்றி வைத்து, இரண்டு போல்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் நின்றது.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் தாமானுக்குள் போங்கொல் (வேகத்தடை) ஒவ்வொன்றிலும் மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அதே போங்கொல். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டாலும் திரும்பிப் போய் அடியில் பாருங்கள், தொட்ட இடத்தில் குழாய் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். அப்புறம் காராக் நெடுஞ்சாலை. கெந்திங் செம்பா ஏற்றத்தில் எஞ்சினுக்கு நல்ல சுமை விழும், அந்தச் சுரங்கப்பாதையில் சன்னலை இறக்கிவிட்டால் உங்கள் மப்ளரின் உண்மையான குரல் கேட்கும்.

கேட்க வேண்டியது ட்ரோன், அதாவது ஒரே சுதியில் காதை அடைக்கிற முனகல். நாலு சிலிண்டரில் ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்பு, ஆகவே 2,500 சுழற்சியில் வினாடிக்கு 83 அதிர்வு வரும், 3,000-இல் 100. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது எஞ்சின் எங்கே நிற்கிறதோ அங்கே ட்ரோன் விழுந்தால் ஈப்போ பயணம் நரகம். மப்ளரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: ஒய்க்கு முன்னாலிருக்கும் குழாயில் ஒரு கிளைக் குழாய் ஒட்டி அதன் மறுமுனையை மூடிவிடுவது. அதன் நீளம் அந்த ஒலி அலையின் கால் பங்கு இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை எதிராக வந்து முனகலை அடித்துவிடும். 83 அதிர்வுக்கு, குழாய்க்குள் இருக்கும் சூட்டைப் பொறுத்து, 1.2 மீட்டரை ஒட்டி வரும். நேராக இடம் இல்லாவிட்டால் வளைத்துக்கொள்ளலாம். எனக்கு இது வேலை செய்தது, அம்மா இந்தத் தடவை ஸ்லிம் ரிவர் வரும்போது தூங்கிவிட்டார்.

ஜே.பி.ஜே., ஜாஸ், பக்கத்து வீடு

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. நிறுத்தலாம், அதே 1987-இன் மோட்டார் வாகன இரைச்சல் விதிகளை வைத்துச் சுற்றுச்சூழல் துறையான ஜாஸும் நிறுத்தலாம், சாலைத் தடுப்பில் இருவரும் சேர்ந்தே நிற்பதுண்டு. கெட்டலிஸ்ட் இருந்து, உண்மையான மப்ளர் இரண்டு இருந்து, சத்தம் பழையதை விட ஏறாமல் இருந்தால் மனம் பதறாமல் போகலாம். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகொம் செய்யும் பி5 வாகனச் சோதனையும் இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், விபத்துக்குப் பிறகு பேசுவதை விட இது எளிது. என் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சின்னக் குழந்தை. முதல் நாள் காலை 6 மணிக்கு ஸ்டார்ட் செய்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டேன். "எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க தம்பி?" என்றார். எனக்கு அதை விட நல்ல சான்றிதழ் கிடையாது.

முதல் மாதம்

ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடியதும், ஆறவிட்டு எல்லா போல்டையும் மறுபடி இறுக்குங்கள். புது கெஸ்கெட் சூட்டில் படிந்திருக்கும், கால் சுற்றாவது ஏறும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வருகிறது. தூரம் ஓடினால் அப்படியே வெளியே போய்விடும். செந்தூலிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை போய் நிறுத்துகிற காரில் அது மப்ளருக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும், இரண்டு மப்ளரில் சூடு பங்கு போடப்படுவதால் ஒற்றை மப்ளரை விட இங்கே இன்னும் மோசம். ஒவ்வொரு மப்ளரின் ஆகத் தாழ்ந்த இடத்திலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். சத்தம் மாறாது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக விழும், ஒரு பக்கம் மட்டும் விழவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது, கம்பியால் குத்திவிடுங்கள்.

கழற்றிய ஸ்டாண்டர்ட் எக்ஸோஸை எண்ணெய்த் துணியால் துடைத்து, உள்ளே பல்லி போகாமல் இரண்டு வாயையும் கட்டி, ஸ்டோரில் உயரமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அதன் போல்டு, ஸ்பிரிங், ஒரு புது கெஸ்கெட் எல்லாம் ஒரு மைலோ டின்னில், மேலே பெயர் எழுதி, பக்கத்திலேயே.